ஏவல் வினைமுற்று

காத்தான்குடியில் பஸ் நின்றதும்
நடுத்தெருவில் வரிசையாய்ப் பேரீச்சை.
"உங்கட ஊர் மாதிரி, என்ன றிஹாப்?" என்றாள் டிலாயினி.
என் ஊர் சலாலா.
அங்கே கடற்கரை முழுக்கத் தென்னை.
றியாத்திலிருந்து வருகிறவர்கள் காரை நிறுத்தி
இளநீரோடு படமெடுத்துக்கொள்வார்கள்.
சொன்னேன். அவள் நம்பவில்லை.
சினிமாவில் பார்த்திருக்கிறாளாம்.

அந்தச் சினிமாவை நானும் பார்த்தேன்
கொழும்பு பஸ்ஸில், விடியச்சாமம் இரண்டு மணிக்கு,
சத்தம் குறைக்க ஆளில்லாமல்.
பாலைவனத்தில் ஒருவன் கோட்டுப் போட்டு ஆடுகிறான்.
அவளுடைய சேலை ஏழு தடவை நிறம் மாறுகிறது.
மணல் ஒருவருக்கும் சுடவில்லை.
பிறகு என் மாமாவைப்போல் உடுத்த ஒருவர்
கப்பலேறித் துப்பாக்கி விற்றார்.
அவர் பேசியது எந்த நாட்டு அரபும் இல்லை,
தொண்டையில் மீன்முள் சிக்கியவன் சத்தம்.
சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.

ஓவிய வகுப்பில் சேர் சொன்னார், உன் நாட்டை வரை.
எங்கள் தெருவின் மழைமூட்டத்தை வரைந்தேன்,
பச்சை மலை, குடை, சோளம் சுடுகிற பையன்.
"பின்னால ஒரு ஒட்டகம் போடலாமே" என்றார்.
ஒட்டகமும் உண்டுதான் எங்களிடம்,
தெருவை மறித்துக்கொண்டு, யார் ஹோன் அடித்தாலும் நகராமல்.
போடவில்லை.
நாற்பத்தெட்டுப் புள்ளி.

"தஆலி, தஆலி!"
கல்லடிப் பாலத்தடியில் யாரோ கூப்பிட்டார்கள்.
வா, வா என்று. என் ஊர்ப் பேச்சில்.
இடியப்பக் கடைக் குணமலர்.
மஸ்கட்டில் ஏழு வருசம் இருந்தவள்.
அங்கே அவளுக்குப் பெயர் மர்யம்.
தனக்குத் தெரிந்த அரபையெல்லாம் எனக்கு
ஒரே மூச்சில் ஒப்புவித்தாள்:
வா. கொண்டா. கழுவு. பிள்ளையைத் தூக்கு.
கதவைச் சாத்து. திரும்பக் கழுவு. கெதியா. வாயை மூடு.

உச்சரிப்பில் ஒரு பிழையில்லை.
கண்ணை மூடிக் கேட்டால் என் உம்மா.
அந்த அரபில் நேற்று இல்லை. ஏன் இல்லை. நான் இல்லை.

எங்கள் வீட்டில், நோன்பு திறந்த கையோடு
டீவியில் ஒரு பகிடி நாடகம் ஓடும்.
முகத்தில் கறுப்புப் பூசிய நடிகை, வேலைக்காரி,
ஆண்பால் பெண்பால் மாற்றிப் பேசுவாள்.
வாப்பாவின் தொப்பை குலுங்கும்.
நான் அதைப் பள்ளியில் நடித்துக்காட்டி
கைதட்டு வாங்கியிருக்கிறேன். இரண்டு வருடம்.
டிலாயினிக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

குணமலருக்கோ சிரிப்பு அடங்கவில்லை.
"முதல் நாள் மேடம் தாலி தாலி எண்டு கத்துறா புள்ள,
நான் கழட்டிக் குடுத்துத்தன்!
மனிசி பயந்து போயிற்றா."
புரியாமல் டிலாயினியைப் பார்த்தேன்.
அவள் தன் வெறுங்கழுத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தாள்.
அறுப்பதைப்போல் இருந்தது.

ஆறு மாதத்தில் என் தமிழும் இவ்வளவுதான்:
இரு. தின்னு. இன்னும் கொஞ்சம் போடு.
சம்பல் உறைக்கும், பாத்து. மழை வருது, ஓடு.
எல்லாம் இந்தக் கடையில் பொறுக்கியவை.

நீராவிக்குப் பின்னால் அவளுடைய முகம் நன்றாக இருந்தது.
வரையட்டுமா என்று கேட்க
வாக்கியம் தேடினேன், அகப்படவில்லை.
கொப்பியை விரித்து, ஸ்டூலைக் காட்டி,
"இரு" என்றேன்.

சிரிப்பு நின்றது.
"மாட்டன்" என்றாள்,
தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மிச்சம் இருபது ரூபாய்க்குச் சில்லறை இல்லையாம்.
இரண்டு டொபி வைத்தாள்.
ஒன்றை டிலாயினி தின்றாள்.
மற்றது கொப்பிக்குள் உருகி
வெறும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.