கத்திக்கு மட்டும்

கும்பகோணம் பார்சல் ஆபீசில்
கையெழுத்துப் போட்டு வாங்கியது.
கத்தி தாங்கும், குண்டு தாங்காது
என்று பொடி எழுத்தில் போட்டிருந்தான்.
குண்டுக்கானது ஒன்பது கிலோ.
அதை மாட்டிக்கொண்டு
கொள்ளிட மணலில் எவள் ஓடுவது?

மேல்விளிம்பு கழுத்துக்குழியில் நிற்கவேண்டும்,
ஜீப்பில் உட்கார்ந்தால் தொண்டையை இடிக்கக் கூடாது,
பக்கப் பட்டைக்குள் இரண்டு விரல்.
ஆண் மார்புக்கு அடித்த தகடு.
மூன்று முறை பிரித்து ஒட்டினேன்.
"வயிறு வெளியில இருக்கே" என்றார் இவர்.
குனியவேண்டாமா?

அதன்மேல் புடவை.
பின் குத்த இடமில்லை.

தலையாரி வைரக்கண்ணு
துண்டை இறுக்கித் தலையில் கட்டினார்.
அவருக்கு அவ்வளவுதான்.

ஒன்றே முக்காலுக்கு
விளக்கணைத்துக் கரையேறியது லாரி,
நம்பர் பிளேட்டில் ஈரச் சேறு.
டார்ச்சைத் தூக்கிப் பிடித்தேன்.
அப்போதுதான் ஞாபகம்:
லாரி தாங்குமா என்று
கேட்கவே இல்லை.