பன்னிரண்டாம் தாள்

இரண்டு நாளைக்கு எண்பது வெள்ளி, மத்தியானச் சோறு.
அழுவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று
கிள்ளானிலிருந்து வேனில் வந்த பையன்
பெரட்டுக்களத்தில் நின்று சொன்னான்.
பதினோரு பேர் போனோம்.

படத்தில் இந்தத் தோட்டத்துக்கு வேறு பெயர்.
முதலாளிக்கு வேறு முகம், நல்ல மீசை.
மந்திரியின் மச்சான் மூடி மறைக்கும் மருந்து
அங்கே பச்சை நிறம்.
எங்கள் டிரம்மில் இருந்தது நீலம்.
"பச்சைதாம்மா திரையில எடுக்கும்" என்றார் டைரக்டர்.

பாயில் யாரோ ஒரு துணை நடிகர்
மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.
அவருக்கு இருமல் வந்தது. எல்லாரும் சிரித்தோம்.
நானும்தான்.
மறுபடி எடுத்தார்கள்.
"மூணாவது வரிசை அம்மா, கொஞ்சம் குறைச்சு அழுங்க,
ஹீரோயின் வசனம் கேட்கணும்."

குறைத்தேன்.
ஆறு வருஷமாக அதில் பழக்கம் உண்டு.

ஹீரோயின் திருடிக்கொண்டு ஓடுகிற கோப்பு
சாப்பாட்டு மேசையில் சம்பல் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.
ஆட்சியைக் கவிழ்க்கப்போகிற கோப்பு.
திறந்து பார்த்தேன்.
மேல் தாளில் ஏதோ முத்திரை.
கீழே அறுபது தாளும் வெறும் வெள்ளை.

ராத்திரி மைலோ டின்னைத் திறந்தேன்.
உள்ளே ஒரே ஒரு தாள்.
வீரபத்திரன் த/பெ அங்கப்பன். மருந்து தெளிப்பு.
நுரையீரல், இரண்டு பக்கமும்.
காரணம் என்ற கட்டத்தில்
ஆஸ்பத்திரி டாக்டர் எழுதியிருந்ததை
தோட்டத்து டிரெசர் ஒரே கோடாக அடித்து
புகைப்பழக்கம் என்று எழுதியிருந்தான்.
பஸ்ஸில் சுருட்டு வாடை வந்தால்
இடம் மாறி உட்காருவார் மனுஷன்.

மறுநாள் அதைப் பன்னிரண்டாம் தாளாகச் செருகினேன்.
யாரையும் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை,
டவுன் தியேட்டர், மேல்மாடி.
வெளியே மழை, உள்ளே ஏர்கோன்.
கனகசுந்தரி கச்சாங் பூத்தே கொறிக்கிறாள்.
ஹீரோயின் நாடாளுமன்றப் படியில் கோப்பைப் புரட்டுகிறாள்.
காற்று. ஒரு தாள். இன்னொரு தாள்.
பிறகு என் தாள்
செம்பனை உயரத்துக்கு எழுந்து நிற்கிறது,
அந்தக் கோடு உலக்கை கனம்.
இரண்டு விநாடி.

யாரும் கத்தவில்லை.
பின்வரிசையில் ஒரே ஒரு குரல்,
பழைய மண்டோர் முத்தழகு மாதிரி இருந்தது,
"நம்ம பத்திரன்டா" என்றது.

அப்புறம் வில்லனைக் கைது செய்தார்கள்,
மழையில், மெதுவாக.
இதில் வருவன யாவும் கற்பனை என்று போட்டார்கள்.
அதற்கும் கீழே, இடம் தந்து உதவியமைக்கு நன்றி:
எங்கள் கம்பெனி. சொந்தப் பெயரில்.

விளக்கு வந்துவிட்டது.
கூட்டுகிற நேப்பாளப் பெண்
காலைத் தூக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.
அடுத்த காட்சி எப்போது என்று கேட்டேன்.
ஒன்பதரை.
டிக்கெட் பதினாறு வெள்ளி.
எண்பதில் இன்னும் நான்கு தடவை இருக்கிறது.