கழிவு

அணையில் வெள்ளம் இறங்கிய மாதம்
வள்ளம் பாதியில் சேற்றில் குத்தி நின்றது.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு
வருகைப் பதிவேட்டைத் தலையில் வைத்து நடந்தேன்.
அது நனையக் கூடாது.
அதில்தான் இப்போது அரிசி இருக்கிறது.

தை மாதம் வந்தது உத்தரவு.
பிள்ளை ஒரு நாள் வராவிட்டால்
வீட்டுக்கு ஒரு கிலோ கழியும்.
பேச்சிப்பாறைக்கு மேலே, காணிக் குடியிருப்புகளுக்கு மட்டும்.
குலசேகரத்தில் என் தங்கச்சி மகன்
கிரிக்கெட் என்று ஒரு வாரம் மட்டம் போட்டான்,
அவர்கள் அரிசியை யாரும் தொடவில்லை.
கேட்டேன்.
"இவங்களத் திருத்த வேற வழியில்ல, டீச்சர்"
என்றார் அதிகாரி.
நல்ல மனிதர்தான்.
மல்லன் காணி நீட்டிய தேனைக்கூடக்
காசு கொடுத்துத்தான் வாங்கினார்.

சிவப்பு மையில் ஒரு சுழி.
இருபத்திரண்டு வருடமாகப் போடுகிறேன்,
அதற்கு எடை உண்டென்று தெரியாது.

மாசியில் சிந்துவின் மகள் அனிலாவுக்குப் பன்னிரண்டு சுழி.
நான்கு, வழியில் ஒற்றை ஆனை நின்ற நாட்கள்.
மூன்று, அம்மை.
மிச்சம் ஐந்தை விரல் வைத்துப் பார்த்தேன்.
வள்ளம் வரவில்லை என்று
நானே மார்த்தாண்டத்துக்குத் திரும்பிப்போன நாட்கள்.
மறுநாள் வந்து, வேலைநாள் வேலைநாள்தான் என்று சொன்னதால்,
எல்லாப் பெயருக்கும் நேராக
என் கையால் போட்டவை.
எனக்குச் சம்பளம் முழுசாக வந்தது.

முப்பத்தைந்தில் பன்னிரண்டு.
கடைக்காரர் தங்கநாடான் தராசிலிருந்து
அள்ளி அள்ளி எடுத்தபோது சிந்து பார்க்கவில்லை.
வெளியே ரப்பர் மரத்தில்
கவிழ்த்து வைத்திருந்த சிரட்டையைப் பார்த்தாள்.
பிறகு சாக்கைச் சுருட்டினாள். வாய்ப்பக்கம் நிறைய மிச்சம் இருந்தது.

பங்குனியில் ஒரு பெஞ்சும் காலியில்லை.
"பார்த்தீங்களா" என்று போனில் சிரித்தார் அதிகாரி.
அப்போது அனிலா
மேசையில் தலைசாய்த்துக் கிடந்தாள்.
நெற்றி அடுப்புக்கல்.
"இந்தக் காய்ச்சலோட ஏன் மக்களே வந்தா?"
கண்ணைத் திறக்காமல் சொன்னாள்,
"ஒரு கிலோ, டீச்சர்."

வள்ளக்காரனுக்கு ஆள் அனுப்பினேன்.
அவளை மடியில் கிடத்திக்கொண்டு
நீல மையில் கோடு இழுத்தேன்.
கை நின்ற இடத்தில் நிற்கவில்லை,
நாளைய கட்டத்துக்குள்ளும் போய்விட்டது
கோடு.

அழிக்கவில்லை.