அரை மணி, இருவருக்கு

அறுநூற்றுப் பன்னிரண்டாம் அறைக்காரர்
டிப்ஸுக்குப் பதிலாகத் தலையணையடியில்
விட்டுப்போன சீட்டு:
டிரைஷா. அரை மணி. இருவருக்கு.

கூட வருவதாயிருந்த மணிமொழிக்கு
ஷிஃப்ட் மாறிவிட்டது.
அவள் இடத்தில் என் கைப்பை.

பிளாஸ்டிக் செவ்வந்தி,
பட்டப்பகலில் எரியும் சீரியல் விளக்கு.
சீட்டுக்கடியில் ஸ்பீக்கர்
எந்த மொழியிலோ
காதலில் தோற்றுக்கொண்டிருந்தது.

"எந்த நாடு?" என்றார் மிஸ்டர் கோ.
வாய் தானாகச் சொன்னது: "மொரிஷியஸ்."
"அடேயப்பா, தூரம்!"
மரியாதைக்கு இரண்டு மிதி வேகமாய் மிதித்தார்.

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் ஓரங்கட்டி,
குவான் இம்மைக் கும்பிட்ட கையோடு
பக்கத்துக் கிருஷ்ணனுக்கும்
ஊதுபத்தி நீட்டும் சீன அக்காக்களைக் காட்டினார்.
தினமும் பார்ப்பதுதான்.
இருந்தாலும் வியந்து வைத்தேன்.

பென்கூலன் ஸ்ட்ரீட்.
"நல்ல ஓட்டல். உள்ளே ஜில்லென்று இருக்கும்."

நாலு வருஷமாய்ப்
பின்கதவில் கார்டு தேய்த்து நுழைகிற கட்டடம்.
இத்தனை கண்ணாடியா இதன் முகத்தில்?

வாசலில் ரோஸ்லி.
வண்டியைக் கண்ட பழக்கத்தில்
சல்யூட்டுக்குத் தூக்கிய கை
என்னைக் கண்டதும்
ஏறவும் தெரியாமல் இறங்கவும் தெரியாமல்
தொப்பியைச் சரிசெய்தது.
நான் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு
வேறெங்கோ பார்த்தேன்.
பிறகு சிரித்துவிட்டேன்.

தூறல் விழுந்தது.
ஒரே குடை; என் பக்கமாய்ச் சாய்த்துக் கட்டினார்.
அவர் சட்டைத் தோள் கருத்துக்கொண்டே வந்தது.
"ஆறு நிமிஷம் பாக்கி. தேக்கா?"

"வேண்டாம் அங்கிள்.
அந்த ஓட்டல் வாசல்,
இன்னொரு தடவை."

"மொரிஷியஸில் ஓட்டலே கிடையாதா?"
கேட்டுக்கொண்டே
ஹேண்டில்பாரைத் திருப்பினார்.