இடது மரை

கீரிப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் ஏலத்தில்
யாரும் கை தூக்காத ஜீப்பு அது.
நான் தூக்கினேன்.
அன்று எனக்குக் கழுத்தில் வேர்க்குரு,
சொறியத்தான் தூக்கினேன் என்று
எப்சிபா இன்றைக்கும் ஊருக்குச் சொல்கிறாள்.

லாரிக்குப் பின்னால் கட்டியிழுத்துக் குலசேகரம் வந்து
ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகையில் தள்ளினோம்.
தரைத்தகட்டு ஓட்டை வழியே
ஒரு கோழி ஏறிப் போய்
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் முட்டையிட்டு இறங்கியது.
"முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு முட்டை" என்றாள்,
ஜாக்கெட் துணிக்கு ஊசி கோத்துக்கொண்டே.

முதலில் சக்கரம்.
வலது பக்கத்து நட்டெல்லாம்
ராத்திரி முழுக்க டீசலில் ஊறி
முனகிக்கொண்டு கழன்றன.
இடது பக்கம் அசையவில்லை.
ஸ்பானரில் மூன்றடிக் குழாயைச் செருகி
அதன்மேல் ஏறி நின்றேன்.
எதிர்வீட்டு வில்பிரட்டும் ஏறினார்.
வெடிச்சத்தம்.
ஸ்டட் முறிந்து, நாங்கள் ரெண்டுபேரும்
ஒட்டுப்பால் சாக்கின்மேல் கிடந்தோம்.

மூன்று ஸ்டட் முறித்த பிறகே
டிரம்மில் அப்பியிருந்த தாரைச் சுரண்டத் தோன்றியது.
அடியில், உளியால் வெட்டிய ஓர் அம்பு.
எதிர்த்திசை.
இடது சக்கரத்துக்கு இடது மரை,
இறுக்குகிற பக்கம் திருகினால் திறக்கும்.

யார் வெட்டியதோ.
எனக்கு முன்னால் இதே நட்டோடு மல்லுக்கு நின்று
கைமுட்டித் தோல் போன ஒருவன்,
வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல்
உளி எடுத்திருக்கிறான்.

மழை பிடித்துக்கொண்டது. வெட்டு இல்லாத நாட்கள்.
பால் எடுக்கும் சிரட்டைகளில்
போல்ட்டு, வாஷர், பேரிங் உருளை.
ஒரு சிரட்டையில் எதற்கென்று தெரியாத ஸ்பிரிங்கு ஒன்று
(இன்றும் தெரியாது, வண்டி ஓடுகிறது).
சேசிஸில் பழைய ஒட்டு,
ஏதோ கடைப் பலகையை வெட்டி வைத்த தகடு:
'வுளி' என்று மஞ்சளில் ரெண்டெழுத்து.
தையற்காரி அல்லவா, 'ஜ'வைத் தேடினாள்.
பின் மட்கார்டின் உட்புறம் தலைகீழாக இருந்தது.
வெல்டிங் ஒழுங்கில்லை, ஆனால் விரிசல் இல்லை.
அதை அப்படியே விட்டேன்.

மார்த்தாண்டத்துக் காயலான் கடையில்
எடைபோட்டு வாங்கிய பட்டைகள்,
பக்கத்துக்கு ரெண்டு கூடுதலாக.
டயர் ஒரு சைஸ் பெரிது.
கோதையாற்றுப் பாறையில் அடி தட்டக் கூடாதே.
ஐப்பசியில் ஒரு ஞாயிறு மதியம்
எஞ்சின் நாலுமுறை தும்மிவிட்டு
கொட்டகை நிறையப் புகையோடு பிடித்தது.
கியர் போட்டேன்.
டங்கென்று நின்றது.

எப்சிபா டேப்போடு வந்தாள்.
உத்தரம் எழுபத்தாறு அங்குலம்.
வண்டி எழுபத்தெட்டரை.
"அளவெடுக்காம எவனாவது துணி வெட்டுவானா?
ஓய், உமக்கு மரை கழண்டுபோச்சு."
"இடதா வலதா" என்று கேட்டேன்.
சிரிக்கவில்லை.

டயரில் பாதிக் காற்றை இறக்கினோம்.
இன்னும் ஓர் அங்குலம் மிச்சம்.
ஆராதனை முடிந்து வந்த பாட்டுக்குழுவில் எட்டுப்பேரைப்
பின்னால் ஏற்றினாள் எப்சிபா,
கனத்த குரல்காரர்களை முதலில்.
மூன்று மாதம் நான் விறைப்பாக்கிய பட்டைகள்
பணிந்து பணிந்து
உத்தரத்துக்கும் எங்களுக்கும் நடுவே
ஒரு விரல் வெளிச்சம் விட்டன.
ஊர்ந்து வெளியே வந்தோம், மழைக்குள்.

யாரும் இறங்கவில்லை.
பேச்சிப்பாறை வரை போகலாம் என்றார்கள்.

காற்றில்லை. கடையும் அடைப்பு.
இருந்தது வில்பிரட்டின் சைக்கிள் பம்பு.
எப்சிபா தையல் சாக்குக்கட்டியால்
உத்தரத்தில் 76 என்று எழுதிவிட்டு,
குடையைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள்.
முதல் டயரில்
நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பதின்மூன்று