ரிவர்ஸ் விழாத வண்டி

திருச்சியிலிருந்து கிளம்பியவை பதினொன்று.
கல்லணையில் ஒன்று படுத்துக்கொண்டது.
திருக்காட்டுப்பள்ளியில் இன்னொன்று;
காபிக்காக நின்றேன் என்றார் டாக்டர் ஜெபநேசன்,
பானட்டில் ஆவி பறக்க.

குடமுருட்டிக் கரையில்
என் ஐம்பத்தாறு மாடல் ஆஸ்டினுக்குத் தாகம்.
ஆறு இருந்தது,
தண்ணீர் எங்கோ நடுமணலில்.
மதகடியில் நின்றவர் தன் பாட்டிலை நீட்டினார்:
"இதுக்கும் முறை வைக்கணும் போல."

அப்புறம் அந்த ஒற்றைக் கரைச்சாலை.
எதிரே அறுவடை இயந்திரம்,
சாலையைவிட அகலம்.
என் பின்னால் எட்டு வண்டிகள்
ஹாரன் அடிக்காத மரியாதையோடு.

ஆஸ்டினுக்கு ரிவர்ஸ் விழாது.
ஆறு வருஷமாச்சு.
கிளப்பில் யாருக்கும் சொன்னதில்லை.
கமருதீன் இறங்கி வந்து
கியரில் நடுங்கும் என் கையைப் பார்த்தார்,
வானத்தைப் பார்த்தார்,
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆத்தூர்க்காரப் பையன்தான்
அந்த யானையைப் பின்னுக்கு நடத்தினான்,
முக்கால் கிலோமீட்டர்,
பல்லிடுக்கில் வைக்கோல் தொங்கத் தொங்க.
நான் கும்பிட்டதை அவன் காணவில்லை,
கண் முழுக்கப் பின்கண்ணாடியில்.

களத்துமேட்டில் ஒதுங்கி வழிவிட்டபோது
ஒன்றே ஒன்று கேட்டான்:
"மைலேஜ் எவ்ளோ சார் குடுக்குது?"

பொய் சொன்னேன்.