மறுகா

விடியப்புறம் இரண்டேகாலுக்குக் கையெழுத்து விழுந்ததாம்.
நாலு மணிக்கு என் போன் துள்ளித் துள்ளித்
தண்ணீர்ச் செம்போரம் வந்து நின்றது.
"ஆறுக்குக் கிறவுண்டுக்கு வா.
சனிக்கிழமை முதல் ஆட்டம்."
இன்று புதன்.

நாற்பத்தேழு நாள் பகிஷ்கரிப்பு.
நாற்பத்தேழு நாளும் என் ஹொக்கி மட்டை
கொடிக்கயிற்றுக்கு முண்டு கொடுத்து நின்றது.
ஈரச் சேலைகளைச் சுமந்து
கொஞ்சம் வளைந்துவிட்டதென்று நினைக்கிறேன்.
அது முந்தியே வளைவுதானே என்கிறாள் மனைவி.
இரவல் ஆட்டோவில் கல்லடிக்கும் காத்தான்குடிக்கும்
நான் ஓடிய கணக்கை மட்டை கேட்கவில்லை.

மைதானத்தில் மாடுகள்.
நாங்கள் ஆடாத பருவத்தை
அவை ஆடிக்கொண்டிருந்தன போலும்:
கோல் கம்பத்தில் முதுகு உரசிய மயிர்,
அடிக்கும் வட்டத்துக்குள் சாணம்.
இஹ்ஸான் கால்கவசம் கட்டி முதன்முதல் மறித்தது
ஒரு கன்றை.

பதினைந்து சுற்று என்றார் பண்டுல சேர்.
ஏழாவதில் என் பின்தொடை
பழைய கடன்காரனைப்போல எட்டிப் பிடித்தது.
ஒருவன் வேலியோரம் வாந்தி.
சேர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்க்கவில்லை.

முப்பது ஆட்டம், இருபத்துமூன்று நாள்.
மாரிக்கு முன்னால் முடித்தாக வேண்டும்;
மாரி எந்தச் சங்கத்திலும் அங்கத்துவம் எடுக்கவில்லை,
மேசைக்கு வராது.
செயலாளர் ஒட்டிய தாளில்
சனி வாழைச்சேனை, ஞாயிறு ஏறாவூர், திங்கள் ஓய்வு.
ஓய்வைப் பேனையால் வெட்டி
மேலே கல்முனை என்று எழுதியிருக்கிறது,
எழுத்து அவசரத்தில் சரிந்து.

ஆட்டத்துக்கு இரண்டாயிரம் கேட்டோம்.
ஆயிரத்தறுநூறும்
காயம் பட்டால் மருந்துக் காசும் என்று முடிந்தது.
வெற்றியா தோல்வியா என்றார்கள் ஆட்டோ தரிப்பிடத்தில்.
எனக்கு உடனே பதில் வரவில்லை.
ஒருவன் ஏறி "ஆஸ்பத்திரிக்கு" என்றான், போய்விட்டேன்.

நிலோஜனைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
மூன்றாம் கிழமை, முதலாளிமார் வைத்த காட்சி ஆட்டத்தில்
எங்களில் அவன் மட்டும் போய் ஆடினான்.
தங்கச்சிக்கு ஒப்பரேசன் என்பது
பிறகுதான் எங்கள் காதுக்கு வந்தது.
அதற்குள் அவன் வீட்டுப் படலையில்
யாரோ பழைய செருப்பைக் கட்டியிருந்தார்கள்.
யாரோ என்று எழுதுகிறேன்.
அந்த முடிச்சை இந்தக் கைக்குத் தெரியும்.

சனிக்கிழமை.
அரைவாசிப் படிக்கட்டும் வெறுமை.
வந்தவர்களில் சிலர் அட்டை பிடித்தார்கள்:
"எங்கட டிக்கட் காசு எங்க?"
நாங்கள் கைதட்டினோம் அவர்களைப் பார்த்து.
அவர்கள் திருப்பித் தட்டவில்லை,
கச்சான் கோது எறிந்தார்கள்.

மூன்றாம் கால்வாசி.
பந்து என் மட்டையில்,
முன்னால் வாழைச்சேனையின் இரண்டு பேர்,
என் பேச்சைக் கேட்காத கால்.
வலப்பக்கம் காலியாக ஒரே ஒருவன்.
"அண்ணே, இங்கால!"
நாற்பத்தேழு நாளில் அவன் எனக்குச் சொன்ன முதற்சொல்.

தள்ளினேன்.
மாட்டுக் குளம்புப் பள்ளத்தில் பந்து பட்டுத் தெறித்தது,
மட்டையைப் புரட்டிக் கவ்வினான், திரும்பினான், அடித்தான்.
கம்பத்தில் பட்டது.
மயிர் ஒட்டிய அதே கம்பம்.
அவன் என்னைப் பார்த்தானா என்று நான் பார்க்கவில்லை,
பந்து ஏற்கெனவே எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.
மறுகா ஓட வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று. சமன்.

இரவு ஜேர்சியை அலசிப் போட்டாள்.
நாளை ஒரு மணிக்கு ஏறாவூர் பஸ்.
முண்டு இல்லாத கொடி நடுவில் தாழ்ந்து
என் மூன்றாம் இலக்கம்
மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.